மனு எங்கே நிற்கிறது?

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் 24-ந் தேதி. மாலை மணி 5.

உத்தரப் பிரதேசத்தில் ஓர் ஏழைக் குடும்பம். தந்தை தினக்கூலித் தொழிலாளி. மகன் படிப்பில் கெட்டிக்காரன். நாட்டிலேயே மிகக் கடினமான பரீட்சைகளில் ஒன்றில் தேறிவிட்டான். தன்பாத் ஐ.ஐ.டி.யில் என்ஜினீயரிங் படிக்க இடமும் கிடைத்துவிட்டது.

இடத்தை உறுதி செய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். கெடு, அன்று மாலை 5 மணி.

கூலி வேலை செய்பவர் வீட்டில் 17,500 ரூபாய் சும்மா இருக்குமா? தந்தை அங்கும் இங்கும் அலைந்தார். ஊரார் கை கொடுத்தார்கள். பணம் சேர்ந்தபோது மணி 4.45. அவசரம் அவசரமாகக் கம்ப்யூட்டரில் விவரங்களைப் பதிந்தார்கள். பணம் கட்டும் கட்டத்துக்கு வருவதற்குள் மணி 5 ஆகிவிட்டது. வாசல் மூடிக்கொண்டது. இடம் போய்விட்டது!

பையன் சோர்ந்து உட்காரவில்லை. தாழ்த்தப்பட்டோருக்கான தேசிய கமிஷனிடம் முறையிட்டான். ஜார்க்கண்டில் சட்ட உதவிக் குழுவின் கதவைத் தட்டினான். அந்த ஆண்டு பரீட்சையை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. ஆகவே சென்னை ஐகோர்ட்டுக்கும் வந்தான். கடைசியில் டெல்லி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனான்.

செப்டம்பர் 30-ந் தேதி தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையில் 3 நீதிபதிகள் விசாரித்தார்கள். அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவு தரும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தினார்கள். "மாணவனுக்கு இடம் கொடுங்கள். இதற்காக வேறு எந்த மாணவனின் இடத்தையும் பறிக்க வேண்டாம். கூடுதலாக ஓர் இடம் உண்டாக்குங்கள்" என்பது உத்தரவின் சாரம்.

சில நிமிடத் தாமதம். அதைச் சரி செய்ய 3 மாதத்துக்கு மேல் ஆயிற்று. நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது.

அந்த மாணவனுக்குக் கோர்ட்டு கை கொடுத்தது. கோர்ட்டு வரை போக முடியாத பிள்ளைகளின் கதி என்ன? கல்லூரிக் கட்டணத்துக்குக் கெடு இருப்பதுபோல், கல்வி உதவித் தொகைக்கும் கெடு உண்டு. அந்தக் கெடுவைத் தவறவிட்டுப் படிப்பைத் தொலைப்பவர்கள் செய்தியில் வருவதில்லை.

உதவித் தொகை பிறந்த கதை

அந்தக் காலத்தில் இதை "உபகாரச் சம்பளம்" என்று சொன்னார்கள். இப்போது "கல்வி உதவித் தொகை" என்கிறோம். பெயர் மாறினாலும் நோக்கம் ஒன்றுதான். பணம் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாது.

1942-ம் ஆண்டில் டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினர் ஆனார். அந்த ஆண்டே தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளை எழுதி வைசிராயிடம் கொடுத்தார். பிள்ளைகள் மேல் படிப்புப் படிக்கப் பண உதவி வேண்டும் என்பது அதில் ஒரு முக்கியக் கோரிக்கை. 1944-ம் ஆண்டில் உதவித் தொகைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடு விடுதலை அடைவதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய திட்டம் இது.

10-வது வகுப்புக்கு மேல் படிக்கும் ஆதி திராவிட மாணவர்களுக்கான உதவித் தொகை என்று இதைச் சொல்லலாம். பழங்குடியினருக்கும், பிற்படுத்தப்பட்டோருக்கும், சிறுபான்மையினருக்கும் தனித்தனித் திட்டங்கள் பின்னால் வந்தன.

எவ்வளவு கிடைக்கும்?

ஆதி திராவிட மாணவர்களுக்கான திட்டத்துக்கு 2021-ம் ஆண்டில் புதிய விதிகள் வந்தன. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. கல்லூரிக்குக் கட்டும் கட்டாயக் கட்டணங்களுக்கு உதவி உண்டு. அது தவிர கைச் செலவுக்கு ஆண்டுக்கு ஒரு தொகை உண்டு.

என்ஜினீயரிங், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் படிப்பவர் விடுதியில் தங்கினால் ஆண்டுக்கு 13,500 ரூபாய். வீட்டிலிருந்து போய் வந்தால் 7,000 ரூபாய். 11, 12-வது வகுப்புகளில் படிப்பவருக்கு விடுதியானால் 4,000 ரூபாய். வீட்டிலிருந்து போனால் 2,500 ரூபாய்.

எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பொதுவான திட்டங்களும் இருக்கின்றன. 12-வது வகுப்பில் நல்ல மார்க் வாங்கிக் கல்லூரி போகும் ஏழை மாணவர்களுக்கு ஒரு மத்திய அரசாங்கத் திட்டம் உண்டு. ஆண்டுக்கு 82,000 பேரைப் புதிதாகச் சேர்ப்பது அதன் அளவு. பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று 2022-ம் ஆண்டில் உயர்த்தினார்கள். 8-வது வகுப்பில் பரீட்சை எழுதித் தேறுகிற ஏழைப் பிள்ளைகளுக்கு, 9 முதல் 12-வது வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் திட்டமும் உண்டு.

வசதி உள்ளவருக்கு இது சிறு தொகையாகத் தெரியலாம். ஏழை வீட்டில் இது பஸ் கட்டணம்; புத்தகம்; பரீட்சைக் கட்டணம். சில வீடுகளில், மகள் படிப்பதா, வேலைக்குப் போவதா என்பதையே இந்தத் தொகைதான் முடிவு செய்கிறது.

தாமதம் எங்கே பிறக்கிறது?

"சோம்பேறித்தனத்தால்தான் மனுப் போடத் தாமதம் ஆகிறது" என்று சிலர் சொல்வார்கள். இது முழு உண்மை அல்ல.

முதல் காரணம், சான்றிதழ். வருமானச் சான்றிதழ் வேண்டும். சாதிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் மனுப் போட்டு, கிராம நிர்வாக அதிகாரி பார்த்து, தாலுகா ஆபீசில் முடிய வேண்டும். கல்லூரி திறக்கும் சமயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். ஆகவே நாள் பிடிக்கிறது.

இரண்டாவது காரணம், பெயர். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். ஆதார் அட்டையில் வேறு எழுத்து. வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதம். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஓர் எழுத்து மாறினாலும் "பொருந்தவில்லை" என்று சொல்லிவிடும்.

மூன்றாவது காரணம், யாரும் சொல்லாதது. வீட்டில் முதல் தடவையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை. தாய் தந்தையருக்கு இந்த விவரம் தெரியாது. கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதைப் பார்ப்பதற்குள் பாதி நாள் ஓடியிருக்கும்.

நான்காவது காரணம், "எப்படியும் தேதியை நீட்டிப்பார்கள்" என்ற நம்பிக்கை. பல ஆண்டுகளில் நீட்டித்ததும் உண்மைதான். ஆனால் நீட்டிப்பது உரிமை அல்ல. அதை நம்பி இருப்பவர் கடைசி நாளில் போய் நிற்கிறார். அன்று எல்லோரும் ஒரே வாசலில் நெருக்குகிறார்கள். கம்ப்யூட்டர் திணறுகிறது.

மனுவின் பயணம்

கல்லூரிகளில் நடக்கக் கூடிய ஒரு காட்சியைப் பார்ப்போம். ஒரு தாய் மகளுடன் கல்லூரி ஆபீசுக்கு வருகிறாள்.

"சார், பாப்பாவுக்கு ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போட்டோமே, என்ன ஆச்சுங்க?"

"கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்றேம்மா. மனு நம்பர் என்ன?"

"நம்பரா? அது எழுதிப் போட்ட கடைத் தம்பிகிட்டதாங்க இருக்கும்."

"எந்தப் போன் நம்பர் கொடுத்தீங்க?"

"அந்தத் தம்பி அவரு நம்பரையே போட்டுக்கிட்டாருங்க..."

இதில்தான் ஆபத்து. மனுவைப் பற்றிய எல்லாச் செய்தியும் அந்தக் கடைக்காரரின் போனுக்குப் போகிறது. "குறை இருக்கிறது, திருத்துங்கள்" என்ற செய்தி வந்திருந்தாலும் தாய்க்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. திருத்தும் நாளும் கடந்துவிடும்.

மனு போட்டதோடு வேலை முடிவதில்லை. அது ஒரு பயணம் போகிறது. மத்திய அரசாங்கத்தின் தேசிய உதவித் தொகை வாசல் 2015-ம் ஆண்டில் தொடங்கியது. அதில் மனு எப்படிப் போகிறது என்று பார்க்கலாம்.

முதலில் மாணவர் ஒரு தடவை பதிவு செய்துகொள்ள வேண்டும். 14 எண்கள் கொண்ட ஒரு நம்பர் கிடைக்கும். படிப்புக் காலம் முழுவதும் அதே நம்பர்தான். பிறகு மனுவை நிரப்பி அனுப்ப வேண்டும். அனுப்பியதும் மனுவுக்கு ஒரு நம்பர் வரும்.

அடுத்து, மனு கல்லூரிக்குப் போகிறது. அங்கே இதற்கென்று ஒரு பொறுப்பு அதிகாரி இருப்பார். "இந்த மாணவி இங்கே படிப்பது உண்மை, கட்டணம் இவ்வளவு" என்று அவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகு மாவட்ட அதிகாரி, அல்லது மாநில அதிகாரி இரண்டாவது தடவை பார்க்க வேண்டும். இவர்களுக்கும் தனித்தனிக் கெடு உண்டு.

இது பலருக்குத் தெரியாத விஷயம். மாணவி சரியான நாளில் மனுப் போட்டாலும், கல்லூரி அதிகாரி தம் கெடுவுக்குள் பார்க்காவிட்டால் மனு அப்படியே நின்றுவிடும். ஆகவே மனுப் போட்ட ஒரு வாரத்தில் கல்லூரிக்குப் போய், "சார், என் மனுவைப் பார்த்து அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்பது அதிகப் பிரசங்கித்தனம் அல்ல. அவசியமான காரியம்.

தமிழ்நாடு போன்ற சில மாநிலங்களில் ஆதி திராவிட மாணவர்களுக்கான இந்த உதவித் தொகைக்கு மாநில அரசாங்கமே தனி வாசல் வைத்திருக்கிறது. எந்தத் திட்டத்துக்கு எந்த வாசல் என்பதைக் கல்லூரியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"குறை உள்ளது" என்று வந்தால்?

கம்ப்யூட்டரில் மனுவின் நிலை தெரியும். "கல்லூரியில் இருக்கிறது" என்று வந்தால், அங்கே போய்க் கேட்க வேண்டும். "குறை உள்ளது" என்று வந்தால் பயப்பட வேண்டாம். மனுவைத் தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. எதையோ திருத்தச் சொல்கிறார்கள். என்ன குறை என்றும் குறிப்பு இருக்கும். அதைத் திருத்தி, கெடுவுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

"நிராகரிக்கப்பட்டது" என்று வந்தால் அது வேறு. காரணம் என்ன என்று பார்க்க வேண்டும். இரண்டு உதவித் தொகைகளை ஒரே சமயத்தில் வாங்கக் கூடாது என்ற விதியில் சிலர் சிக்கிக்கொள்கிறார்கள். எது நல்லதோ அதை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பணம் வந்தது, ஆனால் வரவில்லை!

சில வீடுகளில் ஒரு விசித்திரம் நடக்கிறது. கம்ப்யூட்டர் "பணம் அனுப்பியாயிற்று" என்கிறது. வங்கிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. பணம் எங்கே போயிற்று?

உதவித் தொகை பெரும்பாலும் ஆதார் நம்பரைப் பார்த்துத்தான் போகிறது. மாணவி 3 வங்கிகளில் கணக்கு வைத்திருந்தால், கடைசியாக எந்தக் கணக்கை அரசாங்கப் பணம் பெற ஆதாருடன் இணைத்தாளோ அந்தக் கணக்குக்குப் பணம் போகும். அவள் வேறு கணக்கைப் பார்த்து ஏமாந்திருப்பாள்!

இன்னொரு விஷயம். வங்கியில் ஆதார் அட்டை நகல் கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. "அரசாங்க உதவிப் பணம் இந்தக் கணக்குக்கு வர வேண்டும். அதற்கு ஆதாரை இணைத்துக் கொடுங்கள்" என்று தனியாகக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

நீண்ட நாள் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிவிடும் என்ற பயமும் இருக்கிறது. இதற்கு ரிசர்வ் வங்கி ஒரு நல்ல ஏற்பாடு செய்தது. 2024-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. உதவித் தொகைக்காகத் திறந்த, இருப்புத் தொகை இல்லாத கணக்கை, 2 ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லை என்பதற்காக முடக்கக் கூடாது என்பது அதன் உத்தரவு. வங்கியில் மறுத்தால் இதை எடுத்துச் சொல்லலாம்.

அரசாங்கத்தின் தாமதம்

இதுவரை மாணவர் தரப்பைப் பார்த்தோம். மறு பக்கமும் உண்டு.

மாணவன் சில நிமிடம் தாமதித்தால் வாசல் மூடிவிடுகிறது. ஆனால் பணம் தர வேண்டியவர்கள் தாமதித்தால் என்ன ஆகிறது?

மத்திய தணிக்கைத் துறை 2012 முதல் 2017 வரையிலான காலத்துக் கணக்குகளை ஆராய்ந்தது. தமிழ்நாடு உள்பட 5 மாநிலங்களில் ஆதி திராவிட மாணவர் உதவித் தொகை எப்படி நடந்தது என்று பார்த்தது. பணம் காலத்தில் போய்ச் சேரவில்லை என்று தன் அறிக்கையில் குறை கூறியது.

இதன் பின்னணியில் ஒரு பணத் தகராறு இருந்தது. செலவில் பெரும் பங்கு மாநிலங்களின் தலையில் விழுந்தது. 2017-18 முதல் 2019-20 வரை மத்திய அரசாங்கம் தந்தது ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி ரூபாய்தான். மாநிலங்கள், "எங்களால் தாங்க முடியாது" என்றன. நடுவில் நின்றவன் மாணவன்.

2020-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி மத்திய மந்திரிசபை இதை மாற்றியது. 2025-26 வரை மொத்தம் 59,048 கோடி ரூபாய் என்று முடிவு செய்தது. அதில் மத்திய அரசாங்கத்தின் பங்கு 35,534 கோடி ரூபாய். அதாவது 100 ரூபாயில் 60 ரூபாய் மத்திய அரசாங்கம். 40 ரூபாய் மாநில அரசாங்கம். 10-வது வகுப்போடு படிப்பை நிறுத்திவிடும் நிலையில் இருந்த 1 கோடியே 36 லட்சம் பரம ஏழை மாணவர்களைக் கல்லூரிப் பக்கம் கொண்டு வருவது குறிக்கோள் என்றார்கள்.

நல்ல மாற்றம்தான். ஆனால் அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. மாநிலம் தன் 40 ரூபாயை முதலில் தர வேண்டும். அதன் பிறகுதான் மத்திய அரசாங்கத்தின் 60 ரூபாய் மாணவரின் கணக்குக்கு வரும். முதல் பங்கு தாமதித்தால் இரண்டாவது பங்கும் தாமதிக்கும்.

கல்லூரியோ, "பணம் வந்ததும் கட்டு" என்று காத்திருக்க விரும்புவதில்லை. இதற்கும் 2021-ம் ஆண்டு விதிகளில் ஒரு வழி இருக்கிறது. தகுதியுள்ள மாணவருக்கு மாநில அரசாங்கம் ஓர் அட்டை வழங்கலாம். அட்டையைக் காட்டினால் முன்கூட்டிக் கட்டணம் கட்டாமல் கல்லூரியில் சேரலாம். உதவித் தொகை வந்த பிறகு கட்டினால் போதும்.

கட்டணத்துக்காக அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ம் ஆண்டிலேயே இதற்குத் தடை சொல்லியிருக்கிறது. சரிபார்த்த பின் அசல் சான்றிதழைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் ஆணை.

தாமதமாகிவிட்டால் என்ன செய்வது?

கெடு தாண்டிவிட்டது. மனம் உடைந்து வீட்டில் உட்கார வேண்டாம். செய்யக் கூடியவை சில உண்டு.

முதலாவது: கல்லூரிக்குப் போய், தேதி நீட்டித்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். மூடிவிட்டார்கள் என்று நினைத்திருக்கும்போதே வாசல் மறுபடி திறந்திருக்கலாம்.

இரண்டாவது: வேறு திட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு திட்டத்தின் கெடு முடிந்தால் எல்லாத் திட்டங்களின் கெடுவும் முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

மூன்றாவது: தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் எழுத்தில் கொடுக்க வேண்டும். சான்றிதழ் தர ஆபீசில் தாமதம் ஆயிற்றா? அங்கே மனுக் கொடுத்த ரசீதையும் சேர்த்து, கல்லூரி முதல்வருக்கும் மாவட்ட நல அதிகாரிக்கும் மனுக் கொடுக்க வேண்டும். வாய்ப் பேச்சு காற்றோடு போகும். தேதி போட்ட தாள் நிற்கும்.

நான்காவது: மனு எங்கே நிற்கிறது என்று யாரும் சொல்ல மறுத்தால், 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. "என் மனு எந்தத் தேதியில் எந்த அதிகாரியிடம் வந்தது? இப்போது எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். மத்திய அரசாங்கத் திட்டமானால் அதன் குறை தீர்க்கும் வாசலிலும் புகார் கொடுக்கலாம். இத்தகைய புகார்களை 21 நாளில் முடிக்க வேண்டும் என்று 2024-ம் ஆண்டில் உத்தரவு போட்டார்கள்.

ஐந்தாவது: கல்விக் கடன். 2024-ம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசாங்கம் ஒரு புதிய கல்விக் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தேர்ந்தெடுத்த உயர்ந்த கல்வி நிலையங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு, சொத்து ஈடு இல்லாமல் கடன் தரும் திட்டம் அது. ஆனால் கடன் கடன்தான். உதவித் தொகையைத் திருப்பித் தர வேண்டாம். கடனைத் திருப்பித் தர வேண்டும். கடைசி வழியாகத்தான் இதை நினைக்க வேண்டும்.

ஒரு நாலணா நோட்டுப் புத்தகம்

அந்தக் காலத்துப் பெரியவர்கள் பால் கணக்குக்கும் மளிகைக் கணக்குக்கும் ஒரு சிறு நோட்டு வைத்திருப்பார்கள். படிக்கும் பிள்ளை உள்ள வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு வேண்டும்.

அதில் எழுத வேண்டியவை அதிகம் இல்லை. மாணவரின் பதிவு நம்பர். மனு நம்பர். மனுப் போட்ட தேதி. கொடுத்த போன் நம்பர். அது சொந்த நம்பராக இருக்க வேண்டும். கல்லூரியில் யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார். ஆதார் இணைந்த வங்கி எது. இவ்வளவுதான். போனுக்கு வரும் ரகசிய எண்ணை மட்டும் அதிலும் எழுதக் கூடாது. யாரிடமும் சொல்லவும் கூடாது.

வருமானச் சான்றிதழுக்குக் கல்லூரி திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். பரீட்சை முடிவு வந்த வாரத்திலேயே மனுப் போடலாம். ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதை 10-வது வகுப்பிலேயே பார்த்துவிடலாம்.

அரசாங்கமும் ஒன்று செய்ய வேண்டும். மாணவருக்குக் கடைசித் தேதி இருப்பதுபோல், பணம் தருபவருக்கும் கடைசித் தேதி வேண்டும். அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தாமதித்தால் யார் பொறுப்பு என்றும் சொல்ல வேண்டும். ஏழைப் பிள்ளைக்கு மட்டும் கடிகாரம். ஆபீசுக்குக் கடிகாரம் இல்லை என்றால் அது நியாயம் ஆகாது.

தன்பாத்தில் இடம் பெற்ற அந்த மாணவனின் படிப்புச் செலவை உத்தரப் பிரதேச அரசாங்கம் உதவித் தொகையாக ஏற்றுக்கொள்வதாகப் பின்னர் அறிவித்தது. மகிழ்ச்சியான முடிவு. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுப்ரீம் கோர்ட்டு வர முடியாது. வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகமும், கல்லூரியில் கேட்டால் பதில் சொல்லும் ஒரு மனிதரும் இருந்தால், பல பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போகாமலே படித்துவிடுவார்கள்!